நடக்காமல் போன குற்றங்களின் கதை



இரவு ஒன்பது மணிக்கு மேல் நம் வீடுகளில் ஓடும் குற்றத் தொடர்கள் எந்த மொழியில் இருந்தாலும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன. ஒரு பிணம் கிடைக்கும். நாலு பேர் மேல் சந்தேகம் விழும். கடைசியில் நாம் நினைத்தே பார்க்காத ஒருவர் கையில் விலங்கு மாட்டுவார்கள். உடனே நடிகர்களின் பெயர்கள் திரையில் ஏறத் தொடங்கிவிடும். விலங்கு மாட்டப்பட்டவருக்கு முப்பது வயது என்று வையுங்கள். எட்டு ஆண்டுத் தண்டனை என்றால் முப்பத்தெட்டில் வெளியே வருவார். அதன் பிறகும் முப்பது, நாற்பது ஆண்டுகள் உயிரோடு இருப்பார். எங்கோ வாடகைக்கு வீடு கேட்பார், எங்கோ வேலை கேட்பார். அவரைக் கண்டு சிலர் பயப்படுவார்கள், அவரும் பலரைக் கண்டு பயப்படுவார். குற்றத்தைவிடப் பல மடங்கு நீளமான இந்தக் கதையைப் படமெடுக்க ஏன் இத்தனை தயக்கம்? ஜப்பானில் ஒரு குழு தயங்காமல் எடுத்தது. அதில் அவர்களுக்கு எது கைகூடியது, எது கைநழுவியது என்பதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

தொடரின் பெயர் 'ஸென்காமோனோ'. முன்பு குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர் என்று பொருள். வாவ்வாவ் என்னும் கட்டணத் தொலைக்காட்சியில் 2021 நவம்பரில் ஆறு பகுதிகளாக வந்தது. ககாவா மசஹிதோ கதை எழுத, சுகிஷிமா தோஜி வரைந்த சித்திரக்கதைதான் மூலம். கிஷி யோஷியுகி இயக்கினார். அகாவா கயோ என்ற நாயகியாக நடித்தவர் அரிமுரா கசுமி. அதே நாயகியை வைத்து அதே இயக்குநர் எடுத்த திரைப்படம் 2022 ஜனவரியில் திரைக்கு வந்தது. தொடரையும் படத்தையும் சேர்த்தே பேசப் போகிறேன். இரண்டுக்கும் இடையில் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது, அதுதான் என் பேச்சின் மையம்.

கயோவுக்கு இருபதுகளில் வயது. விடியுமுன் எழுந்து செய்தித்தாள் போடுகிறாள். பிறகு ஒரு கடையில் கல்லாவில் நிற்கிறாள். மீதி நேரத்தில் சிறையிலிருந்து வந்தவர்களைச் சந்தித்துப் பேசுகிறாள். இந்தப் பணிக்கு ஹோகோஷி என்று பெயர். நம் நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நன்னடத்தை அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். ஹோகோஷியை அவருக்கு இணையாகச் சொல்லலாம் என்றாலும், நம் அலுவலர் மாதச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர். கயோவுக்கு ஒரு யென் கூடச் சம்பளம் கிடையாது.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இல்லையென்றால் தொடரின் அழகு பிடிபடாது. ஜப்பானில் சிறைக்கு வெளியே கண்காணிக்கப்படுவோருக்காக இரண்டு வகையான ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு வகையினர் நீதி அமைச்சகத்தின் முழுநேர அலுவலர்கள். நாடு முழுவதற்கும் களத்தில் இருப்பவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். மற்ற வகையினர் ஹோகோஷிகள், சுமார் 47,000 பேர். 1950இல் இயற்றப்பட்ட ஹோகோஷிச் சட்டம் 52,500 பேர் வரை அனுமதிக்கிறது, அந்த எண்ணிக்கையை எட்ட ஆள் கிடைக்கவில்லை. நியமிப்பவர் நீதி அமைச்சர். சட்டப்படி இவர்கள் பகுதிநேர அரசு ஊழியர்களாகவே கருதப்படுகிறார்கள். ஆனால் அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு இவர்களுக்குச் சம்பளம் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. செலவுத் தொகை மட்டும் உண்டு.

யார் இவர்கள்? கோயில் பூசகர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடைக்காரர்கள், விவசாயிகள், இல்லத்தரசிகள். ஏற்கெனவே ஹோகோஷியாக இருப்பவர் அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் உள்ள ஒருவரிடம் போய், "நீங்களும் வரக் கூடாதா?" என்று கேட்பார். பெரும்பாலும் அப்படித்தான் ஆள் சேர்ந்தது. மாதம் இரண்டு முறை போல, கண்காணிப்பில் இருப்பவர் இவர்கள் வீட்டுக்கு வருவார், அல்லது இவர்கள் அவர் வீட்டுக்குப் போவார்கள். தேநீர் கொடுத்து, வேலை எப்படிப் போகிறது, தூக்கம் வருகிறதா, பழைய கூட்டாளிகள் யாராவது தேடி வந்தார்களா என்று கேட்பார்கள். மாதம் ஒருமுறை அலுவலருக்கு அறிக்கை எழுதுவார்கள். விதியை மீறினால் சிறைக்குத் திருப்பி அனுப்புவதற்கான நடவடிக்கையை அலுவலர்தான் தொடங்குவார். ஹோகோஷியிடம் அந்த அதிகாரம் இல்லை. கைது செய்ய முடியாது, கட்டளையிட முடியாது. தாம் பார்த்துவரும் ஆள் யார், செய்தது என்ன என்று பக்கத்து வீட்டில் சொல்லவும் முடியாது, ரகசியம் காப்பது சட்டக் கடமை.

அப்படியானால் கையில் என்னதான் இருக்கிறது? கயோவின் கையில் ஒரு கிண்ணம் இருக்கிறது. சூடான சோற்றின் மேல் மெல்லிய மாட்டிறைச்சித் துண்டுகளும் வெங்காயமும் போட்ட கியூதோன். ஜப்பானின் மிக எளிய சாப்பாடுகளில் ஒன்று, தெருமுனைக் கடையில் கூலித் தொழிலாளி அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார். தன் வீட்டுக்கு வருகிறவர் முன்னால் கயோ அதை வைக்கிறாள். நீண்ட அறிவுரைகளைவிட இந்தக் கிண்ணத்துக்குத்தான் கிஷியின் கேமரா அதிக நேரம் கொடுக்கிறது.

இதைப் பார்த்துவிட்டு, "சினிமாவுக்காகச் சேர்த்த உருக்கம்" என்று சொல்ல நினைப்பவர்களுக்கு ஹிரோஷிமாவிலிருந்து ஓர் உண்மைக் கதை. நகமோட்டோ சிகாகோ என்ற அம்மையார் 1980இல் ஹோகோஷி ஆனார். பெயின்ட் கரைக்கும் தின்னரை முகர்ந்து போதையில் கிடந்த ஒரு பையன் அவர் பொறுப்பில் வந்தான். எத்தனையோ முறை சொல்லியும் அவன் விடவில்லை. ஏன் விட மாட்டேன் என்கிறாய் என்று கேட்டபோது, அதை முகர்ந்தால் பசி தெரியாது என்றான். அன்றைக்கு அந்தம்மா அவனுக்குச் சமைத்துப் போட்டார். அடுத்த முறை அவன் தன் கூட்டாளிகளையும் கூட்டிவந்தான். அதன் பிறகு ஹிரோஷிமாவின் மோட்டோமாச்சி அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருடைய சமையலறை ஓயவே இல்லை. முப்பது ஆண்டுகள் ஹோகோஷியாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் சமைத்தார். பிள்ளைகள் அவரைப் பாட்டி என்றே கூப்பிட்டார்கள். பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2017இல் வந்தபோதுதான் நாடு அவரை அறிந்தது. இத்தனை காலம் குற்றம் என்று பதிவேட்டில் எழுதப்பட்டதில் ஒரு பகுதி வெறும் பசி என்று கண்டுபிடித்தவர் அவர். அந்தப் பையனைக் கைது செய்த காவலரோ, விசாரித்த நீதிமன்றமோ இதைக் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அன்று. அவனோடு உட்கார்ந்து, அவன் வாய் திறக்கும்வரை காத்திருக்க அவர்களுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

இந்த நேரம்தான் தொடரின் பொருள். முதல் பகுதிகளில் வருபவர், தன்னைக் கொடுமைப்படுத்திய அண்ணனைக் கொன்றவர். அடுத்து, பணம் பறித்தும் அடிதடியில் இறங்கியும் சிறை போய்வந்த மிடோரி என்ற பெண். அதற்கு அடுத்து, போதைமருந்தில் சிக்கிய ஓர் இளம்பெண். மூன்று பேரும் கயோவின் வீட்டுக்கு வருகிறார்கள், பேசுகிறார்கள், பேச மறுக்கிறார்கள், வராமல் இருக்கிறார்கள். வராமல் இருக்கும்போது நம் மனம் பதறுகிறது. வழக்கமான குற்றத் தொடரில் பதற்றம் யார் செய்தார் என்பதில் இருக்கும். இங்கே செய்தது யார் என்று முதல் காட்சியிலேயே தெரியும். மறுபடி செய்வாரா என்பதே பதற்றம்.

குற்றத் தொடர் எழுதுகிற ஒருவருக்கு இது எவ்வளவு கடினமான வேலை என்று எண்ணிப் பாருங்கள். ஹோகோஷியின் வெற்றி கண்ணுக்குத் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, சம்பளம் வாங்கிய கையோடு ஒருவன் பழைய கூட்டாளியின் கடை வாசலைத் தாண்டி நேராக வீட்டுக்குப் போய்விட்டான் என்றால் ஒரு குற்றம் நடக்காமல் போயிற்று. அதற்கு முதல் தகவல் அறிக்கை இல்லை, செய்தி இல்லை, நன்றி சொல்ல ஒரு பாதிக்கப்பட்டவர்கூட இல்லை. தோற்றால் மட்டும் மறுநாள் நாளிதழில் வரும். இந்த வேலையை உள்ளபடி படமெடுப்பது நெல் காய்வதைப் படமெடுப்பதைப் போன்றது. ஸென்காமோனோ தொடர் அந்தத் துணிச்சலைக் காட்டியது. ஆறு பகுதிகளிலும் மிக முக்கியமான காட்சிகள் ஒரு தாழ்ந்த மேசையின் இரு பக்கம் இருவர் உட்கார்ந்திருக்கும் காட்சிகள்தான். அரிமுரா கசுமியின் நடிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, எதிரில் இருப்பவர் பேசும்போது அவர் முகத்தில் தெரியும் பயம். கயோ துணிச்சல்காரி கிடையாது. பயந்துகொண்டே கதவைத் திறக்கிறாள்.

மற்ற நாடுகளின் தொலைக்காட்சி இந்த இடத்தை எப்படிக் கடந்தது என்று ஒரு பார்வை. பிரிட்டனில் 'புரொபேஷன் ஆபீசர்' என்ற பெயரிலேயே ஒரு தொடர் 1959 முதல் 1962 வரை ஓடியது. அரை நூற்றாண்டு கழித்து, 2009இல், அதே நாட்டில் வந்த 'மிஸ்ஃபிட்ஸ்' தொடரின் முதல் பகுதியிலேயே, சமூக சேவைத் தண்டனை பெற்ற இளைஞர்களைக் கண்காணிக்கும் அலுவலர் புயலில் வெறிபிடித்து அவர்களைக் கொல்ல வருகிறார், அவர்கள் அவரைக் கொன்றுவிடுகிறார்கள். கதை அங்கிருந்துதான் சூடு பிடிக்கிறது. அந்த அலுவலரின் அன்றாட வேலையில் கதை இருக்கும் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை.

இனி திரைப்படத்துக்கு வருகிறேன். குதோ மகோதோ என்பவர், வேலையிடத்தில் தன்னை வதைத்த மூத்தவரைக் கொன்றுவிட்டுச் சிறை சென்றவர். மொரியாமா மிராய் நடித்திருக்கிறார். குனிந்த தலை, சுருங்கிய தோள், எந்தக் கேள்விக்கும் மெல்லிய குரலில் ஒரு பதில். பரோலில் வந்து கார் பழுதுபார்க்கும் பட்டறையில் ஒழுங்காக வேலை செய்கிறார். கண்காணிப்புக் காலம் முடிய இன்னும் சில நாட்கள். கயோ அவருக்காக மகிழ்கிறாள். அப்போது அவர் காணாமல் போகிறார். ஒரு காவலரிடமிருந்து பறிக்கப்பட்ட துப்பாக்கியால் ஊரில் ஒருவர் பின் ஒருவராகச் சுடப்படுகிறார்கள். துப்பறிய வரும் அதிகாரி கயோவின் பள்ளிக்காலத் தோழன். கொலை, ஓட்டம், துரத்தல், பழைய காதல் என்று நாம் அறிந்த எல்லாம் வந்துவிடுகின்றன.

நல்ல படம்தான், மறுக்கவில்லை. சுடப்பட்டவர்களுக்குள் இருக்கும் தொடர்பு வெளிப்படும்போது மனம் கனத்துப்போகிறது. குதோ சிறுவனாக இருந்தபோது அவர் குடும்பத்தைக் காக்க வேண்டிய இடத்தில் இருந்து, காக்கத் தவறியவர்கள் அவர்கள். உதவி செய்யும் பொறுப்பில் இருப்பவர் சற்றே கண்ணை மூடிக்கொண்டாலும் அதன் விளைவு இருபது ஆண்டுகள் கழித்து எங்கே போய் வெடிக்கும் என்று படம் கேட்கிறது. மிடோரியும் படத்தில் வருகிறாள். ஊராருக்குச் சில்லறை வேலைகள் செய்துகொடுக்கும் தொழில் நடத்துகிறாள், கயோவின் வீட்டுக்கு உரிமையோடு வந்துபோகிறாள். அவளைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனாலும் தொடர் எதைச் செய்யாமல் விட்டதற்காக நான் அதை மதித்தேனோ, அதைப் படம் செய்துவிட்டது. சிறை சென்று வந்த ஒருவர் காணாமல் போனால் எங்கோ பிணம் விழும் என்ற பழைய கணக்குக்கே அது திரும்பிப் போய்விட்டது. திரையரங்கில் சீட்டு வாங்கி உட்காருபவரை இரண்டு மணி நேரம் கட்டிப்போட வேறு வழி தெரியவில்லை போலும். அடுத்த வாரம் ஒருவர் சிறையிலிருந்து வந்து நம் தெருவில் வீடு கேட்டால், நம் நினைவுக்கு வரப்போவது தொடரின் மேசையா, படத்தின் துப்பாக்கியா? எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

ஏனென்றால் இந்த ஏற்பாடு பிறந்ததே ஒருவருக்கு வீடு கிடைக்காமல் போனதால்தான். மெய்ஜி காலத்தில் ஷிசுஓகா சிறையில் கோசாகு என்றொரு கைதி இருந்தார். முரட்டு ஆள். கவாமுரா என்ற துணைச் சிறை அதிகாரி பொறுமையாகப் பேசிப் பேசி அவர் மனத்தை மாற்றினார். திருந்தியவராக விடுதலை பெற்று ஊருக்குப் போனார் கோசாகு. மனைவி வேறொருவரை மணந்திருந்தாள். உறவினர்கள் படியேற விடவில்லை. வேறு யாரும் ஒரு இரவு தங்க இடம் தரவில்லை. மீண்டும் தப்பு செய்ய மாட்டேன் என்று கொடுத்த வாக்கையும் மீற மனமில்லாமல், அந்த அதிகாரிக்குக் கடிதம் எழுதிவைத்துவிட்டு உயிரை விட்டார். தென்ரியூ ஆற்று வெள்ளத்தைத் தடுக்கத் தன் சொத்தையெல்லாம் செலவிட்ட கிம்பரா மெய்ஸென் என்ற செல்வந்தர் இந்தச் செய்தி கேட்டுக் கலங்கினார். 1888இல் ஷிசுஓகாவில் விடுதலையானவர்களைத் தங்கவைக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராக ஆதரவாளர்களையும் சேர்த்தார். இன்றைய ஹோகோஷிகளின் வரலாற்றை எழுதுபவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

கோசாகு திருந்தவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. திருந்தியதால்தான் செத்தார். திருந்துவது ஒருவர் மட்டும் செய்துமுடிக்கும் காரியம் என்று நாம் நினைக்கிறோம், அவர் கதை அதை உடைக்கிறது. இன்றைய ஜப்பானிலும் நிலைமை அடியோடு மாறிவிடவில்லை. கண்காணிப்புக் காலம் முடியும்போது வேலை இல்லாமல் இருப்பவர்கள் மறுபடி குற்றம் செய்யும் விகிதம், வேலையில் இருப்பவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்று நீதி அமைச்சகமே சொல்கிறது. சிறை சென்று வந்தவர்களுக்கு வேலை தரத் தயார் என்று பதிவு செய்த முதலாளிகள் இருபதாயிரத்துக்கும் மேல். உண்மையில் ஆள் எடுத்து வைத்திருப்பவர்கள் அதில் மிகச் சிறு பங்கினர்.

தொடர் தொடாமல் விட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். கயோவின் முன்னால் வந்து உட்காருபவர்களில் பெரும்பாலோர் பரோலில் வந்தவர்கள். ஜப்பானில் சிறையிலிருந்து வெளிவருவோரில் ஏறத்தாழ அறுபது சதவீதம் பேருக்கே பரோல் கிடைக்கிறது. வெளியே வந்தால் தங்க இடம் வேண்டும், ஏற்றுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். தாய் இல்லை, மனைவி இல்லை, தங்கும் விடுதியிலும் இடமில்லை என்றால் தண்டனையின் கடைசி நாள்வரை உள்ளேதான். கடைசி நாளில் வெளிவரும்போது தண்டனை முழுதாக முடிந்துவிட்டதால் கண்காணிப்பு இல்லை, கண்காணிப்பு இல்லாததால் ஹோகோஷியும் இல்லை. யாருமே இல்லாதவருக்குத்தான் கயோ மிகவும் தேவை, அவருக்குத்தான் கயோ கிடைப்பதில்லை. முழுத் தண்டனை முடித்து வருபவர்கள் பரோலில் வந்தவர்களைவிட அதிகமாகச் சிறைக்குத் திரும்புகிறார்கள் என்பதில் எனக்கு வியப்பில்லை. இன்றைய கோசாகுவுக்கு அந்த மேசை எதிரில் இடமில்லை.

இப்போது 2024க்கு வருகிறேன். அந்த ஆண்டு மே மாதம், ஷிகா மாநிலத்தின் ஒட்சு நகரில் ஒரு ஹோகோஷி தன் வீட்டில் கொல்லப்பட்டுக் கிடந்தார். அவர் பொறுப்பில் கண்காணிப்பில் இருந்தவரே கைதானார். நாடு முழுவதும் உள்ள ஹோகோஷிகளின் குடும்பத்தினர் அன்று தூங்கியிருக்கமாட்டார்கள். யார் வீட்டுக் கூடத்திலும் அது நடந்திருக்கலாம். 2010இல் இபராகியில் ஒரு ஹோகோஷியின் வீட்டுக்குத் தீவைக்கப்பட்டதும் முதியவர்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும். நீதி அமைச்சகம் எல்லா ஹோகோஷிகளிடமும் அச்சம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டது. வீட்டுக்கு வெளியே, பொது மண்டபங்களில் சந்திக்கவும், தேவைப்பட்டால் இருவராகச் சேர்ந்து சந்திக்கவும் வழிசெய்யத் தொடங்கினார்கள். பணியை விட்டவர்கள் உண்டு. கணவன் அல்லது மனைவி வேண்டாம் என்றதால் விட்டவர்களும் இருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

2021இல் வந்த கதையில் கயோ கதவைத் திறக்கும்போது அவள் முகத்தில் இருந்த பயத்தை, ஒட்சுவுக்குப் பிறகு வேறு மாதிரிப் பார்க்கிறோம். ஆனாலும் அந்தக் கொலை தொடரைப் பொய்யாக்கிவிட்டது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. கண்காணிப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், ஆண்டு முழுவதும், மாதம் இரண்டு முறை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய அத்தனை சந்திப்புகளும் தேநீர் ஆறுவதோடு முடிந்த சந்திப்புகள். நமக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அது முடிந்த விதத்தால்.

ஆனால் வேறொரு வகையில் தொடர் நம்மை ஏமாற்றியிருக்கிறது. கயோவைப் போன்ற ஹோகோஷியைத் தேடிப் பிடிப்பது கடினம். உண்மையான ஹோகோஷிகளின் சராசரி வயது அறுபத்தைந்துக்கு மேல், பெண்கள் நான்கில் ஒருவரைவிடச் சற்று அதிகம், இருபதுகளில் இருப்பவர்கள் மிக மிக அரிது. தொடர் வந்த காலத்தில் சட்டம் கேட்ட தகுதிகளில் ஒன்று நிலையான வாழ்வாதாரம். விடியலில் செய்தித்தாள், பகலில் கடைக் கல்லா என்று இரண்டு தற்காலிக வேலையில் ஓடும் ஒரு பெண் இதற்குள் எப்படி நுழைவாள்? நுழைந்தாலும் எத்தனை ஆண்டு தாக்குப்பிடிப்பாள்? ஊதியம் தரலாமா என்று அமைச்சகத்தின் நிபுணர் குழு 2024இல் ஆராய்ந்து, வேண்டாம் என்றே முடித்தது. ஹோகோஷிகளிலேயே பலர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொல்லும் காரணம் எனக்குப் புரிகிறது. சம்பளத்துக்காக வரவில்லை, எனக்காக வருகிறார் என்று ஒருவர் உணர்வதில் பெரும் பலம் இருக்கிறது. நகமோட்டோ அம்மையாரின் சமையலறைக்கு அந்தப் பலம் இருந்தது. ஆனால் அந்தப் பலத்தைத் தரக்கூடியவர்கள் ஓய்வூதியமோ சொந்தக் கடையோ நிலமோ உள்ளவர்கள் மட்டும்தான் என்று ஆகிவிட்டால், கடனும் வாடகையும் தற்காலிக வேலையும் எப்படி இருக்கும் என்று உடம்பால் அறிந்த ஒருவர் அந்த மேசைக்கு வரவே முடியாமல் போகும். சிறையிலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பையனின் வாழ்க்கை கயோவின் வாழ்க்கைக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது. அவளுக்கு இரண்டு வேலைகளில் ஒன்றை விடும் அளவுக்காவது பணம் கொடுப்பதில் தொண்டின் பெருமை குறைந்துவிடாது என்பது என் கருத்து. இதில் என்னோடு மாறுபடும் ஜப்பானியர்கள் பலர், மதிப்புக்குரியவர்கள்.

கிஷியும் அரிமுராவும் மறுபடி இந்தக் கதைக்குத் திரும்பினால், துப்பாக்கி வேண்டாம். கயோவை நகர மண்டபத்தின் ஓர் அறையில் உட்கார வையுங்கள், பக்கத்தில் இன்னொரு ஹோகோஷி இருக்கட்டும். அந்த அறையில் அடுப்பு இல்லை, கியூதோன் இல்லை, மணி ஐந்தானால் பூட்டிவிடுவார்கள். பட்டறையில் வேலை முடிந்து ஒருவர் ஆறு மணிக்குத்தான் வருவார். அவரை அவள் எங்கே சந்திக்கப் போகிறாள், தன் வீட்டுக்கு வரச் சொல்வாளா, சொன்னால் அவளுக்காகப் பயப்படுகிறவர்களிடம் என்ன பதில் வைத்திருக்கிறாள்? ஆறு பகுதிகளுக்கு இது போதும்.